டினா ப்ரூக்ஸும் கிடங்கில் கிடந்த மூன்று ஆல்பங்களும்

பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்களைப் பார்த்து, "ஒரே பாட்டை எத்தனை தடவைதான் வாங்குவீங்க?" என்று கேலி செய்பவர்கள் உண்டு. எல்.பி.யாக வாங்குவார்கள், பிறகு சி.டி., அதன்பின் மறுவெளியீடு என்று மறுபடியும் எல்.பி. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தப் பைத்தியம் மட்டும் இல்லாமல் போயிருந்தால், ஜாஸ் வரலாற்றில் சில கலைஞர்கள் இருந்த தடமே தெரியாமல் போயிருக்கும். டினா ப்ரூக்ஸ் அப்படி ஒருவர்.

முதலில் அவரைப் பதிவு செய்த கம்பெனியைப் பார்த்துவிடலாம். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்த ஆல்ஃபிரட் லயன் 1939-ல் நியூயார்க்கில் தொடங்கியது ப்ளூ நோட். அவருடைய பெர்லின் நண்பர் ஃபிரான்சிஸ் வுல்ஃப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார். சின்னக் கம்பெனிதான். ஆனால் பதிவுக்கு முன் ஒத்திகை பார்ப்பதற்கும் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. ஒலிப்பதிவை ரூடி வான் கெல்டர் கவனித்தார். பதிவு நடக்கும்போது வுல்ஃப் கேமராவோடு நிற்பார். லயன் பதிவு செய்ததெல்லாம் தட்டாக வந்துவிடவில்லை. நிறைய ஒலிநாடாக்கள் அப்படியே கிடங்குக்குப் போயின.

ஹெரால்ட் ஃபிளாய்ட் ப்ரூக்ஸ் 1932-ல் வட கரோலினாவில் பிறந்தவர். 'டினா' என்பது சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட செல்லப்பெயர். வாசித்தது டெனர் சாக்ஸபோன். 1958-க்கும் 1961-க்கும் நடுவில் ப்ளூ நோட்டுக்காகத் தன் தலைமையில் நான்கு ஆல்பங்கள் பதிவு செய்தார். அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்தது எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று! 1960 ஜூன் 25-ல் பதிவான 'ட்ரூ ப்ளூ'. அதற்கு ஆறே நாள் முன்னால்தான் ட்ரம்பெட் கலைஞர் ஃபிரெடி ஹப்பர்டின் முதல் ஆல்பமான 'ஓப்பன் செசமி'யில் அவர் வாசித்திருந்தார். அந்தத் தலைப்புப் பாடலை எழுதியதும் ப்ரூக்ஸ்தான்.

மற்ற மூன்று? 1958-ல் பதிவான 'மைனர் மூவ்' வெளிவரவில்லை. 1961-ல் பதிவான 'தி வெயிட்டிங் கேம்' வெளிவரவில்லை. 'பேக் டு தி ட்ராக்ஸ்' கதைதான் இன்னும் கொடுமை. அதற்கு 4052 என்று வரிசை எண் கொடுத்து, அட்டைப்படம்கூட தயார் செய்துவிட்டார்கள். தட்டு மட்டும் வரவே இல்லை. பட்டியலில் பெயரைப் பார்த்துக் கடை கடையாகத் தேடியவர்களுக்கு எப்படிக் கிடைக்கும்? இல்லாத தட்டை அல்லவா தேடினார்கள்!

1961-க்குப் பிறகு ப்ரூக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்துக்குத் திரும்பவில்லை. போதைப்பழக்கமும் நோயும் அவரைத் தின்றன. 1974-ல், 42 வயதில் இறந்துபோனார். ஊர் அறிய அவர் பெயரில் இருந்தது ஒரே ஒரு தட்டு.

இதற்குள் ப்ளூ நோட்டும் கை மாறியிருந்தது. லயன் அதை லிபர்ட்டி கம்பெனிக்கு விற்றுவிட்டு 1967-ல் ஓய்வு பெற்றார். வுல்ஃப் 1971-ல் மறைந்தார். லிபர்ட்டியை விழுங்கிய பெரிய கம்பெனிகளுக்கு அந்த நாடாக்கள் வெறும் பழைய சரக்கு. கணக்கில் இருக்கும், வருமானம் தராது.

அந்தக் கிடங்குக்குள் 1975-ல் நுழைந்தவர் மைக்கேல் கஸ்குனா. ரேடியோவில் வேலை பார்த்தவர், இசைத்தட்டுத் தயாரிப்பாளர். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரே ஒரு சேகரிப்பாளர். வெளிவராத பதிவுகளைப் பற்றிக் கலைஞர்கள் சொன்னதையெல்லாம் குறித்து வைத்திருந்தார். ஒவ்வொரு நாடாவாக ஓடவிட்டு, யார் வாசிக்கிறார்கள், என்ன பாடல், எந்தத் தேதி என்று கண்டுபிடிக்கும் வேலையில் இறங்கினார்.

தெலோனியஸ் மங்கின் வெளிவராத பதிவுகள் கொஞ்சம் அவருக்குக் கிடைத்தன. ஒரு முழுத் தட்டுக்கு அது போதாது. சரி, மங்க் ப்ளூ நோட்டுக்கு வாசித்த எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டால் என்ன? இந்த யோசனையிலிருந்து 1982-ல் பிறந்தது மொசைக் ரெக்கார்ட்ஸ். கூட்டாளி சார்லி லூரி. உரிமையைக் கம்பெனியிடமிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வாங்குவது, சில ஆயிரம் பெட்டிகள் மட்டும் அச்சிட்டு எண் போடுவது, கடைக்குக் கொடுக்காமல் நேராகத் தபாலில் விற்பது. பெரிய கம்பெனி திரும்பிக்கூடப் பார்க்காத சின்னச் சந்தை, இரண்டு பேர் நடத்தும் கம்பெனிக்குப் போதுமானதாக இருந்தது. தேடித் தேடி வாங்கும் சில ஆயிரம் பேர் உலகத்தில் இருந்தார்கள் என்பதுதான் அந்த வியாபாரத்தின் மூலதனம்.

'மைனர் மூவ்' 1980-ல் ஜப்பானில் மட்டும் வெளிவந்திருந்தது. 1985-ல் ப்ரூக்ஸின் நான்கு ஆல்பங்களையும் ஒரே பெட்டியாக மொசைக் கொண்டுவந்தது. ஒரு சேகரிப்பாளருக்கு இதில் கிடைக்கும் சந்தோஷத்தை யோசித்துப் பாருங்கள். பெட்டியைத் திறந்தால் பெரிய புத்தகம், அதில் வுல்ஃப் எடுத்த படங்கள், எந்த நாளில் யார் யார் வாசித்தார்கள் என்ற விவரம். 1958-ல் தொடங்கி 1961 வரை வரிசையாகக் கேட்டால் ஒரு மனிதன் வளர்வது காதில் விழும். ஒற்றைத் தட்டில் அது கிடைக்காது.

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. 'ட்ரூ ப்ளூ'வின் 1960-ம் வருடத்து அசல் தட்டு இன்று பல ஆயிரம் டாலருக்குக் கை மாறுகிறது. அந்தப் பணத்தில் வாசித்தவருக்கோ அவர் குடும்பத்துக்கோ ஒரு பைசா போகாது. பழைய தட்டு விற்பனையில் லாபம் விற்பவருக்கு மட்டும்தான். மறுவெளியீடு அப்படி இல்லை. அது நூறு பேர் பூட்டி வைத்த பொருளை யார் வேண்டுமானாலும் கேட்கும்படி செய்கிறது. 'தி வெயிட்டிங் கேம்' 2002-ல் தனி சி.டி.யாகவே வந்துவிட்டது. 2019-லிருந்து 'டோன் போயட்' என்ற வரிசையில் ப்ளூ நோட்டே தன் பழைய ஆல்பங்களை மறுபடி எல்.பி.யாக அச்சிடுகிறது.

கஸ்குனா 2024 ஏப்ரலில் காலமானார். அவர் முதன்முதலில் அந்தக் கிடங்குக் கதவைத் திறந்தபோது ப்ரூக்ஸ் இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு வருடம் முந்தியிருந்தால் ப்ரூக்ஸ் வாழ்க்கை மாறியிருக்குமா? யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நாடாக்கள் யாரும் தொடாமலே மக்கிப் போயிருந்தால், இந்தக் கேள்வியைக் கேட்கக்கூட ஆள் இருந்திருக்காது. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாங்குபவர்களைக் கேலி செய்யும் முன் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.