பாய்மரப் படகு டீசல் எஞ்சின்: தொடக்கும் முறை

துறைமுகத்துக்குள் நுழையவும், காற்று விழுந்த வேளையில் நகரவும் பாய்மரப் படகுகளில் சிறு டீசல் எஞ்சின் பொருத்தப்படுகிறது. 1933இல் சிறிய டீசல் எஞ்சினை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஜப்பானின் யான்மார் நிறுவனம் தயாரித்த 1ஜிஎம்10 என்ற எஞ்சின், ஒற்றை சிலிண்டரும் 9 குதிரைத்திறனும் கொண்டது.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டரில் அழுத்தப்படும் காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. ஆகவே ஸ்டார்ட்டர் மோட்டார் மெதுவாகச் சுழன்றால் எஞ்சின் பிடிக்காது. பேட்டரி இறங்கியிருந்தால், அழுத்தத்தைத் தளர்த்தும் லீவரைத் தூக்கிவிட்டு, கைப்பிடியால் வேகமாகச் சுற்றி, வேகம் ஏறியதும் லீவரை விட வேண்டும்.

தொடக்கும் முன் ஆயில் அளவைப் பார்த்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் வரும் வால்வைத் திறந்து, கியரை நியூட்ரலில் வைப்பது வழக்கம். பிடிக்காத எஞ்சினை விடாமல் சுழற்றுவதுதான் பெருந்தவறு. குளிர்விக்கும் கடல்நீரைப் பம்பு இழுத்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் ஓடாததால், அந்நீரைப் புகைக்குழாய் வழியே வெளியே தள்ளப் புகையின் வேகம் இராது. சைலன்சர் நிரம்பி, உப்புநீர் சிலிண்டருக்குள் ஏறி எஞ்சினையே பாழாக்கிவிடும். ஆகவே எஞ்சின் எளிதில் பிடிக்காவிட்டால் கடல்நீர் வால்வை மூடிச் சுழற்றி, பிடித்த உடனே திறக்க வேண்டும்.

ஓடத் தொடங்கியதும் புகைக்குழாயில் நீர் விட்டுவிட்டுக் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் தாமதிக்காமல் எஞ்சினை நிறுத்துக.