மாணவனை விட்டுவிட்டு பாடத்தைப் பிடித்தவர்

2014 முதல் எங்கள் வங்கித் தொழிலில் ஒரு ஏற்பாடு உண்டு. கடன் தவணை 30 நாள் தாண்டினால் கணக்குக்கு ஒரு முத்திரை, 60 தாண்டினால் இன்னொன்று, 90 தாண்டினால் வாராக்கடன். முன்கூட்டியே கவனித்து உதவத்தான் இது. ஆனால் நடைமுறையில், முத்திரை விழுந்த ஆள் கிளைப் பக்கமே தலைகாட்ட மாட்டார். போனையும் எடுக்க மாட்டார்.

இதே தலைவலி அமெரிக்காவின் மிசௌரி-கான்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்திலும் இருந்தது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் மாணவர்களில் பலர் படிப்பை பாதியில் விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி பழைய மதிப்பெண்ணைப் பார்த்து 'இவன் தேறமாட்டான்' என்று பட்டியல் போட்டு, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பட்டியலில் பேர் வந்தவனுக்கோ அவமானம். வரமாட்டான். வருகிறவனும் முதல் தேர்வில் அடிவாங்கிய பிறகுதான் வருவான். அதற்குள் பாதி செமஸ்டர் ஓடியிருக்கும்.

1973-ல் டியானா மார்ட்டின் என்ற பெண்மணி இதைத் தலைகீழாகத் திருப்பினார். மாணவனுக்கு முத்திரை வேண்டாம், பாடத்துக்குக் குத்துவோம் என்றார். ஒரு பாடத்தில் 30 சதவீதம் பேருக்கு மேல் மிகக் குறைந்த கிரேடு வாங்குகிறார்கள், பெயிலாகிறார்கள், அல்லது விலகுகிறார்கள் என்றால் அது கஷ்டமான பாடம், அவ்வளவுதான். (எங்கள் பாஷையில் சொன்னால், கடன்காரரை விட்டுவிட்டு கடன் திட்டத்தை ஆராய்வது!)

அந்தப் பாடத்தை முன்பு நன்றாகப் படித்துத் தேறிய சீனியர் ஒருவர் சம்பளத்துக்கு அமர்த்தப்படுவார். அவர் மறுபடியும் வகுப்பில் உட்கார்ந்து நோட்ஸ் எடுக்க வேண்டும். பிறகு வாரத்தில் சில முறை கூட்டம் நடத்துவார். அவர் லெக்சர் அடிக்கக்கூடாது. மாணவர்களைத்தான் பேசவைக்க வேண்டும். முதல் வாரமே ஆரம்பித்துவிடும். யார் வேண்டுமானாலும் வரலாம், முதல் ரேங்க் வாங்குபவன் உட்பட. அதுதான் சூட்சுமம். உள்ளே நுழைபவனைப் பார்த்து 'மக்கு' என்று யாரும் சொல்ல முடியாது.

1981-ல் அமெரிக்கக் கல்வித்துறை இதை முன்மாதிரித் திட்டமாக அங்கீகரித்தது. பிறகு ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, ஸ்வீடன் என்று பரவியது. வந்தவர்கள் வராதவர்களைவிட நல்ல மதிப்பெண் எடுத்தார்கள். தானாக வருபவன் ஏற்கனவே அக்கறை உள்ளவன்தானே என்று விமரிசகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், கணக்குத் தணிக்கை செய்தவன் என்ற முறையில் நானும் அதையே கேட்டிருப்பேன். அதற்காகவே பழைய மதிப்பெண், ஆர்வம் எல்லாம் ஒத்திருப்பவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் வித்தியாசம் தெரிந்தது.

நான் பி.காம். படித்த கல்லூரியில் காஸ்ட் அக்கவுண்டிங் வருஷா வருஷம் பாதி வகுப்பைக் காவு வாங்கும். பசங்களுக்கு மூளை போதாது என்றுதான் பேசிக்கொண்டார்கள். பாடத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை. சாயங்காலம் தனி வகுப்பும் இருந்தது. இரண்டு முறை அரியர் வைத்தும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. கதவில் 'ஸ்லோ லேர்னர்ஸ்' என்று அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்.