சேற்றில் திரும்பும் சக்கரம்

1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. மரமும் அத்தாப்பும் கொண்டு எழுந்த சிற்றூர் அழிந்தது. 1882-இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டடங்கள் செங்கல்லும் ஓடும் கொண்டே எழ வேண்டும் என விதித்தார். சூளைகள் பெருகிய பகுதி பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் பெற்றது. செங்கல்லைச் சுமந்தவை மாட்டுவண்டிகள். இருசக்கர மாட்டுவண்டிக்குத் திசை திருப்பும் பொறி ஏதும் வேண்டியதில்லை. மூக்கணாங்கயிற்றை ஒருபுறம் இழுத்தால் காளை திரும்பும். நுகத்தடியோடு வண்டி முழுவதும் திரும்பும். மழைக்காலச் சேற்றில் சக்கரம் அழுந்தினால், அந்தப் பாரத்தைத் தாங்கியது காளையின் தோள்.

மோட்டார் வாகனம் வந்தபோது அந்தப் பாரம் மனிதனின் தோளுக்கு மாறியது. நான்கு சக்கர வண்டியில் முன்சக்கரங்கள் மட்டுமே திரும்ப வேண்டும். அவற்றின் மேல் எஞ்சினின் எடை அழுத்துகிறது. கீழே மண் பற்றுகிறது. பல்லிணைகளால் ஓட்டுநரின் விசையைப் பெருக்கலாம். ஆயினும் விசை பெருகப் பெருக ஸ்டியரிங் வட்டைப் பலமுறை சுழற்ற வேண்டும். கிள்ளான், காப்பார், கேரித் தீவு ஆகிய இடங்களின் தோட்டங்களில் ரப்பர் பாலையும், பின்னாளில் செம்பனைக் குலைகளையும் ஏற்றிச் சென்ற லோரிகளின் ஓட்டுநர்கள் பெருவாரியாகத் தமிழர்கள். மண்சடக்கு மழையில் குழைந்த நாளில், ஒரு வளைவைக் கடக்க இருகைகளாலும் வட்டைப் பற்றி, இருக்கையிலிருந்து சற்றே எழுந்து, உடலின் எடை முழுவதையும் அதன்மேல் சாய்க்க வேண்டியிருந்தது. தோட்டத்து வரலாற்றில் பால்மரம் சீவியவர்களின் உழைப்பு ஓரளவு பதிவாகியுள்ளது. லோரி ஓட்டியவரின் தோள்வலியை எழுதியோர் மிகக் குறைவு.

1948 ஏப்ரல் 30-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமாயிற்று. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. படையினரும் காவல்துறையினரும் தோட்ட நிருவாகிகளும் இவ்வண்டியை ஏற்றுக்கொண்டனர். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் ஆற்றல் சென்றது. திசை திருப்பும் ஆற்றலோ ஓட்டுநரின் கைகளிலிருந்தே வந்தது. இவ்வகை வண்டி ஓட்டுவோர்க்கு அன்று முதற்பாடமாகச் சொல்லப்பட்டது ஒன்றுண்டு: பெருவிரலை வட்டின் உட்புறம் மடிக்கக் கூடாது. சக்கரம் மறைந்திருக்கும் வேரிலோ கல்லிலோ மோதும்போது வட்டு திடுமெனச் சுழலும். அதன் ஆரக்கால் பெருவிரலை முறித்துவிடும்.

இத்துன்பத்துக்கு மாற்று அதற்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தது என்பதுதான் வரலாற்றின் விந்தை. பிரான்சிஸ் டேவிஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லோரிப் பிரிவில் பணியாற்றியவர். பார வண்டிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டை நேரில் கண்டவர். 1922-இல் வேலையைத் துறந்து, வால்தம் நகரில் சிறு பட்டறை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். எண்ணெயை எந்நேரமும் உயரழுத்தத்தில் அடைத்து வைத்தால் அது கசிந்துகொண்டே இருக்கும் என்பதை உணர்ந்து, சிந்தனையை நேரெதிராகத் திருப்பினார். வால்வு திறந்தே இருக்கட்டும். எண்ணெய் தடையின்றி ஓடித் தொட்டிக்கே மீளட்டும். ஓட்டுநர் வட்டைத் திருப்பும் கணத்தில் மட்டும் வழி குறுகி அழுத்தம் எழட்டும். எளிய கருத்துத்தான், பவர் ஸ்டியரிங்கின் உயிர் இதிலேயே இருக்கிறது. சதுரச் செண்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தமுள்ள எண்ணெய், 10 சதுரச் செண்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டனைத் தள்ளினால் ஒரு டன் விசை கிடைக்கும். விரலசைவில் ஒரு டன்!

1926-இல் டெட்ராய்ட் சென்று தம் பொறியை அவர் இயக்கிக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் அவரோடு ஒப்பந்தம் செய்தது. பொருளாதார மந்தத்தின்போது, செலவு மிகுதி எனக் கருதி 1934-இல் அதைக் கைவிட்டது. இரண்டாம் உலகப்போர்தான் மறுவாழ்வு அளித்தது. பிரிட்டிஷ் படைக்காகச் செவர்லே செய்த கவச வண்டிகளில் இப்பொறி இடம்பெற்றது. காரில் வாணிக முறையில் வந்தது 1951-இல். அதுவும் கிரைஸ்லர் இம்பீரியல் என்னும் செல்வர்களின் வண்டியில். லோரிக்காரனை எண்ணித் தோன்றிய கருவி, நகரத்துச் சீமானின் விரல்களை முதலில் சென்றடைந்தது. காடுமேடுகளுக்கெனப் பிறந்த ரேஞ்ச் ரோவர்கூட 1970-இல் இவ்வசதியின்றியே வெளிவந்தது. 1973-இல்தான் விரும்புவோர்க்கு அது கிடைத்தது.

இதற்கிடையில் கிள்ளான் பள்ளத்தாக்கு மோட்டார்த் தொழிலின் களமாக மாறியது. 1967-இல் பத்து தீகாவில் வால்வோ கார்களைப் பொருத்தும் ஆலை இயங்கத் தொடங்கியது. 1968-இல் அதே வட்டாரத்தில் பந்தயத் திடல் திறக்கப்பட்டது. அது 2003-இல் இடிக்கப்பட்டது. தார்ப்பாதையில் விரையும் இலேசான பந்தயக் காருக்கு எண்ணெயின் துணை அத்துணை இன்றியமையாததன்று. அதற்கு உண்மையான சோதனை சேற்றில் காத்திருந்தது. லூயிஸ் வீ 1997-இல் தொடங்கிய மழைக்காட்டுச் சவால் போட்டி, ஆண்டிறுதிப் பருவமழையையே களமாகக் கொண்டது. மழை ஓயட்டும் எனக் காத்திராமல் மழையைத் தேடிச் செல்லும் பந்தயம் இது.

இங்குச் சாதாரண பம்பு தோற்பது ஏன்? பம்பை வார்ப்பட்டையால் சுழற்றுவது எஞ்சின். நெடுஞ்சாலையில் எஞ்சின் விரைந்து சுழலும். எண்ணெய் தேவைக்கு மேல் வரும். திசை திருப்பும் வேலையோ சிறிது. சேற்றுக் குழியில் எஞ்சின் மெதுவாக முனகும், எண்ணெய் குறையும், வேலையோ மிகப்பெரிது. பந்தயப் பம்பைச் செய்வோர் இம்முரண்பாட்டோடுதான் போராடுகின்றனர். நீள்வட்ட வளையத்துக்குள் சுழலும் உருளையில் மெல்லிய தகடுகள் வெளியே நீண்டும் உள்ளே ஒடுங்கியும் எண்ணெயைத் தள்ளும். எதிரெதிர்ப் பக்கங்களில் இருமுறை உறிஞ்சி இருமுறை தள்ளுவதால் அச்சின் மேல் சுமை சமனாகிறது. 1920-களில் ஹாரி விக்கர்ஸ் வகுத்த முறை இது. பந்தயப் பம்பில் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் எண்ணெய் வரும்படி வளையத்தை அகலமாக்குவர். கப்பியைச் சிறிதாக்கிப் பம்பை விரைவுபடுத்தவும் செய்வர். ஆனால் எஞ்சின் சீறும்போது உறிஞ்சும் வழியில் எண்ணெய் போதாமல் குமிழிகள் தோன்றும். அவை உடையும் இடத்தில் உலோகம் அரிக்கப்படும். ஒன்றைப் பெற ஒன்றை இழக்கும் கணக்கு இது.

இதனினும் கொடிய பகை வெப்பம். சக்கரம் மரவேரில் சிக்கித் திரும்ப மறுக்கும். ஓட்டுநர் வட்டை விடாமல் அழுத்துவார். நிமிடத்துக்கு 10 லிட்டர் எண்ணெய், முன்சொன்ன அழுத்தத்தில், வேலை ஏதும் செய்யாமல் காப்பு வால்வின் வழியே திரும்பினால், ஒன்றரைக் கிலோவாட்டுக்குச் சற்று மேற்பட்ட ஆற்றல் முழுவதும் வெப்பமாகும். தேநீர்க் கெண்டி ஒன்றை ஒரு லிட்டர் எண்ணெய்க்குள் வைத்துக் கொதிக்க விடுவது போன்றது அது. எண்ணெய் இளகும், ரப்பர் வளையங்கள் இறுகி வெடிக்கும், கசிவு தொடங்கும். அதனால்தான் இவ்வண்டிகளில் எண்ணெய்க்கெனத் தனிக் குளிர்விப்பானும், எஞ்சினிலிருந்து விலக்கி வைத்த பெரிய தொட்டியும் காணப்படுகின்றன.

இன்று நகரத்துக் கார்களில் பம்பின் இடத்தை மின்மோட்டார் பெரும்பாலும் பிடித்துவிட்டது. சேற்றுப் பந்தயத்தில் எண்ணெய் இன்னும் விலகவில்லை. அச்சிலேயே கூடுதல் பிஸ்டனைப் பொருத்திப் பெருஞ்சக்கரங்களைத் தள்ளுகிறார்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் தொட்டியின் மூடியைத் திறந்து எண்ணெயைப் பார்ப்பது வழக்கம். நுரைத்திருந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது. பால்போல் வெளுத்திருந்தால் ஆற்று நீர் புகுந்திருக்கிறது. முழுவதையும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றிய பிறகே வண்டி மீண்டும் சேற்றில் இறங்கும்.