மழை திருத்தி எழுதின கல்

நெடுந்தீவுக்குப் போறவர்கள் இரண்டு படம் எடுக்காமல் வரமாட்டார்கள். ஒன்று குதிரை, மற்றது கல்வேலி. சாந்து பூசாமல் அடுக்கின முருகைக்கல். கிட்டப்போய்ப் பார்த்தால் சில கல்லில் பூப்பூவாய் அச்சுத் தெரியும். முருகை இருந்த வீடு அது.

அந்த வீட்டை முருகை கடல்நீரில் இருந்து எடுத்த கல்சியம் காபனேற்றால்தான் கட்டுது. அதிலுள்ள ஒட்சிசனில் பாரம் குறைந்த 16, பாரம் கூடின 18 என்று வகை உண்டு. பள்ளிக்கூடத்தில் ‘சமதானி’ எண்டு பாடமாக்கினோமே, அதுதான். சுமார் 500 ஒட்சிசன் அணுவுக்கு ஒன்றுதான் 18. கடல் குளிர்ந்தால் கூட்டில் 18 சற்றுக் கூடும், சூடானால் குறையும். இதை வைத்துப் பழைய கடலின் வெப்பநிலையைக் கணிக்கலாம் என்பதற்கு 1947 இல் ஹரோல்ட் யூரி அடித்தளம் போட்டார். 1955 இல் செசாரே எமிலியானி ஆழ்கடல் நுண்ணுயிர்களின் ஓடுகளை அளந்து, பனியுகங்கள் திரும்பத் திரும்ப வந்து போனதைக் காட்டினார்.

பனியுகத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? சுமார் 20,000 வருடங்களுக்கு முன் கடல் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே கிடந்தது. பாக்கு நீரிணையின் பெரும்பகுதி 20 மீற்றர்கூட ஆழமில்லை. அப்படியென்றால் அப்போது நெடுந்தீவும் இல்லை, நயினாதீவும் இல்லை. எல்லாம் ஒரே தரை. ‘தீவார்’ எண்டு ஆக்களைப் பிரிச்சுப் பேச வைக்கிற கடல், பிறகு வந்த கடல்.

ஆனால் எந்தக் கல்லை உடைத்தாலும் இந்தக் கதை அப்படியே கிடைக்காது. யாழ்ப்பாணத்துக்கு அடியில் இருக்கிற மயோசீன் காலச் சுண்ணக்கல் கோடி வருடக் கணக்கில் பழசு. கடலை விட்டு மேலே வந்த பிறகு மழை அதற்குள் இறங்கும், கரைக்கும், திரும்பப் படியவைக்கும். மழைநீரில் ஒட்சிசன் 16 கூட. வேர்களும் மக்கின இலைகளும் மண்ணுக்குள் விடும் காபனில் 12 கூட. இரண்டும் கல்லுக்குள் புகுந்துவிடும். பிறகு அதை அளந்தால், ஒருநாளும் இருந்திராத ஒரு கொதிகடல் கணக்கில் வரும். அதனால்தான் ஆய்வாளர்கள் முதலில் கல்லின் கனிமத்தைப் பார்க்கிறார்கள். முருகை கட்டுவது அரகனைற்று. அது கல்சைற்றாய் மாறியிருந்தால் சாட்சியைச் சந்தேகிக்க வேண்டும்.

வரலாறு படிக்கிற எங்களுக்கும் இதே வேலைதான். நெடுந்தீவுக் கோட்டையும் முருகைக்கல்தான். போர்த்துக்கேயர் கட்டியதென்று சொல்லப்படும் அதைப் பலர் ஒல்லாந்தர் கோட்டை என்கிறார்கள். தீவுக்கே ‘டெல்ஃப்ட்’ என்று பேர் வைத்தவர்களும் ஒல்லாந்தர்தான். ஆவணம் என்ன சொல்லுது என்று கேட்க முதல், பிறகு அதில் யார் கைவைத்தது என்று கேட்க வேணும்.

மழை திருத்தினதையாவது கண்டுபிடிக்கலாம். வேலிக்கல்லைச் சுண்ணாம்புக்காகச் சூளையில் போட்டால் காபன் முழுக்கப் புகையோடு போய்விடும். பிறகு வாசிக்க ஒன்றும் மிஞ்சாது.