கரும்பாலை மண்ணில் வெல்லம்: சிம்பாங் அம்பாட் வட்டாரத் தமிழர் இனிப்புச் சமையலின் வரலாற்றுப் பின்னணி

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், தென் செபராங் பிறை மாவட்டத்தில் உள்ள சிற்றூர் சிம்பாங் அம்பாட். நாற்சந்தி என்பது இம்மலாய்ப் பெயரின் பொருள். பத்து கவான், புக்கிட் தம்புன், வால்டோர், சுங்கை பாக்காப், நிபோங் திபால் ஆகிய ஊர்ப் பெயர்கள் இதனைச் சூழ்ந்துள்ளன. 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்ட இரண்டாவது பினாங்குப் பாலம் பத்து கவானில் வந்து இறங்கிய பின்னர், இவ்வட்டாரம் தொழிற்பேட்டைகளும் புதிய குடியிருப்புகளுமாக மாறிவிட்டது. ஒரு காலத்தில் இந்நிலப்பரப்பு கரும்புக் காடாக இருந்தது என்பதை இன்று இங்கு வாழும் தமிழருள் பலர் அறியார்.

வெள்ளைச் சீனிக்கு மாற்றாக வெல்லம், கருப்பட்டி, தேன், தென்னைச் சர்க்கரை முதலியவற்றை வீட்டுச் சமையலில் பயன்படுத்த வேண்டும் என்னும் கருத்து அண்மைக் காலத்தில் நம்மிடையே வலுப்பெற்று வருகிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆயின் இக்கருத்தைச் சொல்வோர் பெரும்பாலும் அதனோடு ஒரு வரலாற்றுக் கூற்றையும் இணைத்துவிடுகின்றனர்: தோட்டத்தில் வாழ்ந்த நம் முன்னோர் இயற்கை இனிப்பையே உண்டனர்; நாகரிகம் வந்து சீனியைத் திணித்தது; நோயும் உடன் வந்தது. மாணவர்களின் ஆய்வேடுகளிலும் இக்கூற்று வினா ஏதுமின்றி இடம்பெறுவதைக் காண முடிகிறது. இவ்வட்டாரத்தைப் பொறுத்தவரை இக்கூற்று தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். நம் முன்னோர் சீனியை உண்பதற்கு முன்பே சீனியைச் செய்வதற்காகக் கொண்டுவரப்பட்டவர்கள்.

1800ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற இக்கரையோர நிலத்திற்கு வெல்லெஸ்லி மாநிலம் எனப் பெயரிடப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் தியோச்சூ சீனர்களே பத்து கவான் பகுதியில் கரும்பு பயிரிட்டனர். எருமைகள் இழுக்கும் கல் ஆலைகளில் சாறு பிழிந்து, இரும்புக் கொப்பரைகளில் காய்ச்சினர். 1840களில் ஐரோப்பியர் நுழைந்தனர். 1846இல் பினாங்கு, வெல்லெஸ்லி சர்க்கரைக்குப் பிரித்தானியச் சந்தையில் குறைந்த தீர்வைச் சலுகை கிடைத்ததும் முதலீடு பெருகிற்று. ஜமைக்காவில் அனுபவம் பெற்றுப் பின் இங்கு வந்து தோட்டம் நடத்திய லியோனார்ட் ரே என்பார், 1848இல் இலண்டனில் வெளியிட்ட கரும்புச் சாகுபடி நூலில் சிலாங்கூர்க் கரும்பு என்னும் வகையைப் பெரிதும் போற்றுகிறார். மேலைத் தீவுகளின் தோட்ட முறை இங்கு வந்து சேர்ந்த வழிகளுள் இதுவும் ஒன்று. பின்னாளில் பத்து கவான், கெலடோனியா, பைராம் முதலிய தோட்டங்கள் ராம்ஸ்டன் குடும்பத்தாரின் பினாங்குச் சர்க்கரைத் தோட்ட நிறுவனத்தின்கீழ் வந்தன.

இத்தோட்டங்களுக்குத் தேவைப்பட்ட கைகள் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறின. 'சஞ்சிக் கூலி' எனத் தமிழர் வழங்கிய ஒப்பந்த முறையில் தஞ்சை, திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் மண்வெட்டியால் வரப்புக் கட்டி, கால்வாய் தோண்டி, கரும்பு வெட்டி, கொப்பரை அருகே வெந்தனர். 1873ஆம் ஆண்டில் மாலக்கோஃப் தோட்டத்துத் தொழிலாளர் துன்பங்கள் அரசாங்க விசாரணைக்கு உள்ளான செய்தி, இம்முறையின் கொடுமைக்குப் போதிய சான்று. ரப்பர் விலையேற்றமும், ஐரோப்பியப் பீட்ரூட் சர்க்கரையின் போட்டியும், 1910இல் ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டதும் சேர்ந்து கரும்பை வீழ்த்தின. முதல் உலகப் போர் தொடங்குவதற்குள் இவ்வட்டாரம் பால்மரத்திற்கும் தென்னைக்கும் மாறிவிட்டது. சந்து, கர்னியால் சிங் அவர்களின் 1969ஆம் ஆண்டு நூலிலும், லின் ஹொலன் லீஸ் அவர்களின் 2017ஆம் ஆண்டு நூலிலும் இவ்வரலாறு விரிவாகப் பேசப்படுவதால் ஈண்டு இதனை நீட்டத் தேவையில்லை.

அந்நூல்களும் அவற்றுக்கு அடிப்படையான ஆவணங்களும் டன் கணக்கு, தீர்வை, இறப்பு விகிதம் ஆகியவற்றைப் பேசுகின்றன. லயத்து அடுப்பில் என்ன வெந்தது என்பதைப் பேசுவதில்லை. துரைமார் கணக்குப் புத்தகத்தில் பாயசம் ஏறாது. எனவே சமையல் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு வேறு சான்றுகள் வேண்டும். அவற்றுள் முதன்மையானது, தமிழாசிரியராகிய நமக்கு நன்கு கைவந்த ஒன்று: சொல்.

'சர்க்கரைப் பொங்கல்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இது வெள்ளைச் சீனியால் செய்யப்படுவதன்று, வெல்லத்தால் செய்யப்படுவது. எனின், இப்பெயர் தோன்றிய காலத்தில் சர்க்கரை என்பது பழுப்பு நிற வெல்லத்தையே குறித்திருத்தல் வேண்டும். வைணவக் கோயில் மடைப்பள்ளிகளில் இன்றும் வழங்கும் 'அக்காரவடிசில்' இதனை மேலும் உறுதி செய்கிறது. சர்க்கரா என்னும் வடசொல்லின் பழைய தமிழ் வடிவமே அக்காரம். கரும்பும் அதன் ஆலையும் இதனினும் பழமையானவை. அதியமானின் முன்னோர் கரும்பைக் கொண்டுவந்த செய்தியைப் புறநானூறும், கரும்பாலைகளின் ஓசையையும் புகையையும் பெரும்பாணாற்றுப்படையும் குறிக்கின்றமை நாம் வகுப்பறையில் கற்பிப்பதே.

வெள்ளைச் சர்க்கரை வந்தபோது அதற்குப் புதுப் பெயர் தேவைப்பட்டது. சீன நாட்டோடு தொடர்புடையது என்னும் பொருளில் வட இந்தியாவில் வழங்கிய 'சீனி' தென் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் நிலைபெற்றது. ஒடிசாவின் அஸ்கா என்னும் ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயங்கிய ஆலையின் பெயரால் 'அஸ்கா' என்ற வழக்கும் எழுந்தது. வட தமிழ்நாட்டில் சர்க்கரை என்னும் பழைய சொல்லே வெள்ளைப் பொருளுக்கும் பெயர்ந்தது. மலேசியத் தமிழில் வென்றது சீனியே. எனவேதான் தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் எனப்படுவது நம் நாட்டில் இனிப்புநீர் எனப்படுகிறது. இது மலாய் மொழியின் கென்சிங் மானிஸ் என்பதனை ஒட்டி அமைந்த வழக்கு எனக் கருத இடமுண்டு. நோயின் பெயர்கூடப் புலம்பெயர்ந்த இடத்தில் புதிதாகப் பிறந்திருக்கிறது.

இனிப்பின் பெயர்கள் இவ்வாறிருக்க, பண்டங்களின் செய்முறை மற்றொரு சான்றாகிறது. அதிரசம், எள்ளுருண்டை, கடலை உருண்டை, பணியாரம், பால்கொழுக்கட்டை ஆகியவை வெல்லத்தின் இயல்பை அறிந்து அமைக்கப்பட்டவை. வெல்லத்தில் சுக்ரோசுடன் குளுக்கோசும் ஃபிரக்டோசும் ஓரளவு கலந்துள்ளன. இவை ஈரத்தைப் பிடித்து வைப்பன. அதனாலேயே வெல்லப்பாகில் பிசைந்த அதிரச மாவு பல நாள் இளகியிருக்கிறது. தூய சீனிப்பாகு ஆறியதும் பூத்து உதிர்ந்துவிடும். பாகைத் தண்ணீரில் ஒரு துளி விட்டு, விரலால் உருட்டினால் உருளும் பதம் வந்ததா எனப் பார்க்கும் வழக்கம், வெப்பமானி இல்லாத அடுப்பங்கரையின் அளவைமுறை. கம்பிப்பதம், உருண்டைப்பதம் என நம் பாட்டிமார் வகுத்த கலைச்சொற்கள் எவ்வகையிலும் அறிவியற் சொற்களுக்குக் குறைந்தவை அல்ல. இவற்றைத் தொகுத்து வைப்பதும் இந்தியவியல் துறைகளின் பணியே என்பது என் கருத்து.

இப்பண்டங்களைச் செய்யத் தெரிந்த கைகள் செபராங் பிறைக்கு வந்தன. ஆயின் பனை உடன் வரவில்லை. வறண்ட நிலத்து மரமாகிய அது இச்சதுப்பு நிலத்திற்கு ஏற்றதன்று. கருப்பட்டி கப்பலில் வந்தால்தான் உண்டு. அதற்கு மாறாக இங்கே தென்னை இருந்தது, கரையோரச் சேற்றில் நீப்பா இருந்தது, உள்நாட்டில் கபோங் என்னும் மரம் இருந்தது. இவற்றின் பாளைச் சாற்றைக் காய்ச்சி மலாய்க்காரர் செய்த கட்டிச் சர்க்கரை வடபகுதியில் நீசான் என்றும், பொதுவாகக் கூலா மலாக்கா என்றும் வழங்குகிறது. மலாய்ச் சொல்லாகிய கூலா, வெல்லத்தைக் குறிக்கும் குட என்னும் வடசொல்லின் வழிவந்தது. ஆகவே இன்று ஒரு தமிழ்க் குடும்பத்தில் கூலா மலாக்காவைத் தட்டிப் போட்டுப் பச்சைப்பயற்றுப் பாயசம் காய்ச்சும்போது, இரு மொழிகளில் பெயர் மாறிய ஒரே மரபுதான் அங்குக் கொதிக்கிறது.

தென்னையில் ஏறியவர் தமிழரே. ஆனால் அவர் இறக்கியது பெரும்பாலும் கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காது, பதநீராக நிற்கும், காய்ச்சினால் வெல்லமாகும். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகும். தோட்டத்தில் அனுமதி பெற்ற கள்ளுக்கடைக்கு இடமிருந்தது. அதன் தீர்வை அரசுக்கு வருவாய். பொழுது புலருமுன் பெரட்டுக்குச் செல்லும் ஆணும் பெண்ணும் மணிக்கணக்கில் விறகெரித்துப் பதநீர் காய்ச்ச நேரம் எங்கே? இனிப்பாகி அடுப்பங்கரைக்கு வந்திருக்கக்கூடிய சாறு வேறு வழியில் சென்றது என்றே கருத வேண்டியுள்ளது. 'இயற்கை இனிப்பில் வாழ்ந்த தோட்டம்' என்னும் சித்திரத்தை நான் ஏற்கத் தயங்குவதற்கு இதுவே தலையாய காரணம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வெல்லம் வந்தது. அன்றாட இனிப்பு வேறு வாயிலில் வந்தது.

அந்த வாயில் தேநீர்க் கோப்பை. சிட்னி மின்ட்ஸ் என்னும் மானிடவியலார் 1985ஆம் ஆண்டு நூலில், ஆங்கிலேயத் தொழிலாளர்க்குச் சர்க்கரையிட்ட தேநீர் மலிவான ஆற்றலாகப் பயன்பட்டதை விளக்கியுள்ளார். கரீபியத் தோட்டத் தொழிலாளியும் மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளியும் ஒரே வணிகச் சங்கிலியின் இரு முனைகள் என்பது அவர் கொள்கை. இங்கோ, அவ்விரு முனைகளும் ஒரே சமூகத்தில் வந்து சேர்ந்தன. சீனி செய்த கூலியின் பேரப்பிள்ளைகள் டின்பாலும் சீனியும் கலந்த தேநீரோடு பால்வெட்டுக்குச் சென்றனர். விடுதலைக்குப் பின் 1964இல், ராபர்ட் குவோக் அவர்களின் நிறுவனம் பிறை நகரில் நாட்டின் முதல் நவீனச் சர்க்கரைச் சுத்திகரிப்பு ஆலையை இயக்கத் தொடங்கியது. கரும்பு மறைந்து அரை நூற்றாண்டு கழித்து, அதே செபராங் பிறைக் கரைக்கு அயல்நாட்டுக் கச்சாச் சர்க்கரை கப்பலில் வந்து வெண்மையாகி வெளியேறியது! அரசின் விலைக் கட்டுப்பாடும், 2013 அக்டோபரில் நீக்கப்படும் வரை இருந்த உதவித்தொகையும் சீனியை எளியோர் கைக்கு எட்டும் பொருளாக்கின. அதே கடையில் வெல்லமும் கருப்பட்டியும் விலைக் கட்டுப்பாடின்றி, இறக்குமதிச் சரக்காக இருந்தன. ஏழை எதனை வாங்கினான் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

விளைவு நாம் அறிந்ததே. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாக இந்தியரிடையே அது மிக உயர்ந்து நின்றது. அவ்வாண்டு ஜூலை முதல் இனிப்பூட்டிய பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் தீர்வை விதிக்கப்பட்டது. அது 2024இல் 50 சென்னாகவும், 2025இல் 90 சென்னாகவும் உயர்ந்தது.

இந்நிலையில் மாற்று இனிப்பு என்பது எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்பதில் தெளிவு வேண்டும். வெல்லமும் கூலா மலாக்காவும் தம் எடையில் பெரும்பகுதி சுக்ரோசே. கிராமுக்கு ஏறத்தாழ 4 கலோரி என்னும் கணக்கில் சீனிக்கும் இவற்றுக்கும் வேறுபாடு சிறிது. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தேனையும் பாகையும் சீனியோடு ஒரே வரிசையில் வைத்தே, அவை நாளுணவின் ஆற்றலில் 10 விழுக்காட்டிற்குள் இருக்க வேண்டும் என்கிறது. சீனித்துளசி உள்ளிட்ட சர்க்கரையல்லா இனிப்பூட்டிகளை உடல் எடைக் கட்டுப்பாட்டிற்காக நாட வேண்டாம் என அந்நிறுவனமே 2023இல் அறிவுறுத்தியது. கருப்பட்டிக் காப்பி நீரிழிவுக்கு மருந்து எனச் சில மேடைகளில் முழங்குவது ஆபத்தானது. நம்மவர் அதனை நம்பி மாத்திரையை நிறுத்துகின்றனர்.

ஆயினும் வெல்லத்திற்கு ஒரு நற்பண்பு உண்டு. அதற்கு மணமும், சிறு கரிப்பும், அடிநாக்கில் ஒரு கசப்பும் உண்டு. சீனிக்கு இனிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. மணமுள்ள பொருளைக் குறைவாக இட்டாலும் நாவு நிறைவு கொள்கிறது. ஏலமும் சுக்கும் தேங்காய்ப் பாலும் சேரும்போது அளவை மேலும் குறைக்கலாம். வழக்கமாக ஒரு கோப்பை அரிசிக்கு இரண்டு கோப்பை வெல்லம் இடும் சர்க்கரைப் பொங்கலை ஒன்றே கால் கோப்பையில் செய்து பார்த்தால் சுவை கெடுவதில்லை. பாசிப்பருப்பின் மணம் கூடுதலாகத் தெரிகிறது. வெல்லத்தை முதலில் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்ட வேண்டும். பால் சேர்ந்த பாயசத்தில் அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு தணிந்த பின்பே பாகை ஊற்ற வேண்டும். இல்லையேல் வெல்லத்தின் புளிப்பால் பால் திரிந்துவிடும். கூலா மலாக்கா வாங்குவோர் அதில் சீனி கலந்துள்ளதா எனச் சிப்பத்தின் பொருட்பட்டியலைப் பார்த்து வாங்குதல் நலம். சந்தையில் அக்கலப்பு அரிதன்று.

பண்டிகைப் பண்டம் பண்டிகைக்கு மட்டும் என்பதே பழைய ஒழுங்கு. அதிரசத்தை வெல்லத்தில் செய்துவிட்டு, அதனைத் தின்ற வாயால் நாள்தோறும் மூன்று குவளை தேநீரில் ஆறு கரண்டி சீனி பருகுவோமானால், மாற்றம் நிகழ வேண்டிய இடம் பலகாரத் தட்டு அன்று, தேநீர்க் குவளையே. பத்து கவானிலும் சிம்பாங் அம்பாட்டிலும் தோட்டங்களை விட்டு வந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். லயத்தில் தேநீர் எவ்வாறு கலக்கப்பட்டது, வெல்லம் ஆண்டுக்கு எத்தனை முறை வீட்டிற்கு வந்தது, யார் கடையில் கடனுக்கு வாங்கப்பட்டது என அவர்களிடம் கேட்டு எழுதும் மாணவர் ஒருவர்க்கு, முனைவர் பட்டத்திற்குரிய பொருள் இங்கேயே இருக்கிறது.