சூரிய நீராவிச் சமையற்கூடங்கள் (இந்திய வழிபாட்டிடங்கள்)

குழி ஆடிகளால் வெயிலை ஓரிடத்தில் குவித்து, அவ்வெப்பத்தால் தண்ணீரை நீராவியாக்கி, அதனைக் குழாய் வழியே அடுக்களைக்குக் கொண்டுசென்று பெருந்திரளானோருக்குச் சமைக்கும் அமைப்பு சூரிய நீராவிச் சமையற்கூடம் எனப்படும். இந்தியாவில் இம்முறை 1990களின் பிற்பகுதியில் இராஜஸ்தானின் அபு மலைப் பகுதியிலுள்ள பிரம்மா குமாரிகள் வளாகங்களில் நிலைபெற்று, பின்னர் திருமலை, சீரடி ஆகிய திருத்தலங்களின் அன்னதானக் கூடங்களுக்குப் பரவியது.

இதன் அடிப்படைக் கருவி ஷெஃப்ளர் ஆடி ஆகும். வோல்ஃப்காங் ஷெஃப்ளர் என்பவர் இதன் முதல் வடிவத்தை 1986இல் வட கென்யாவிலுள்ள ஒரு கிறித்தவ மிஷன் நிலையத்தில் அமைத்தார். சாதாரணக் குழி ஆடியை ஞாயிற்றின் போக்குக்கேற்பத் திருப்பும்போது குவியமும், அதாவது கதிர்கள் ஒன்றுகூடும் புள்ளியும், இடம் பெயர்வதால், பாத்திரத்தையும் உடன் நகர்த்த வேண்டியிருக்கும். ஷெஃப்ளர் ஆடியோ பரவளையப் பரப்பின் பக்கவாட்டுத் துண்டாக வடிக்கப்பட்டு, புவியின் சுழலச்சுக்கு இணையான அச்சில் மணிக்கு 15 பாகை வீதம் திரும்புவதால் அதன் குவியம் பகல் முழுதும் ஒரே இடத்தில் நிற்கிறது. பருவந்தோறும் ஞாயிறு வடக்கும் தெற்குமாகச் சாய்வதற்கேற்ப ஆடியின் சாய்வையும் வளைவையும் அவ்வப்போது திருத்திக்கொள்ள வேண்டும். குவியத்திலுள்ள ஏற்பி, அதாவது வெப்பத்தை வாங்கும் கலன், மேலே பாதியளவு நீர் நிரம்பிய நீள்குழாயோடு இணைந்திருக்கும். சூடேறிய நீர் அடர்த்தி குறைந்து மேலெழ, குளிர்ந்த நீர் கீழிறங்குவதால் இச்சுழற்சிக்கு எக்கி தேவைப்படுவதில்லை. நீள்குழாயின் மேற்பாதியில் சேரும் நீராவியே அடுக்களைக்குச் செல்கிறது. நேரடித் தீ படாமையால் சோறு அடிப்பிடிக்காது என்பது சமையற்காரர்கள் பெரிதும் விரும்பும் பயன்.

அபு சாலை என்னும் ஊரிலுள்ள பிரம்மா குமாரிகளின் சாந்திவன வளாகத்தில் 84 ஆடிகள் நிறுவப்பட்டன. திருமலையில் 2002இல் 106 ஆடிகளுடன், நாளொன்றுக்கு ஏறத்தாழ 15,000 பேருக்குச் சமைக்கும் அளவில் ஓர் அமைப்பு இயங்கத் தொடங்கியது. சீரடி சாய்பாபா சன்ஸ்தானம் தலா 16 சதுர மீட்டர் பரப்புள்ள 73 ஆடிகளை அமைத்தது. 2009இல் அப்போதைய மத்திய அமைச்சர் ஃபாரூக் அப்துல்லா அதனைத் தொடங்கிவைத்தார். ஆண்டுக்குச் சுமார் 1,00,000 கிலோ சமையல் எரிவாயு இதனால் மிச்சமாகும் என மதிப்பிடப்பட்டது.

வழிபாட்டிடங்கள் இம்முறையை ஏற்றதற்குச் சமய உணர்வைவிட அன்னதானத்தின் இயல்பே வலுவான காரணம் எனலாம். பந்தி ஆண்டு முழுவதும் நடக்கிறது. உணவின் பெரும்பகுதி வேகவைக்கும் சோறும் பருப்பும் குழம்பும். சமையலின் உச்சப்பொழுதும் வெயிலின் உச்சப்பொழுதும் பெரிதும் ஒத்துப்போகின்றன. ஓர் உணவகமோ தொழிற்சாலையோ தயங்கக்கூடிய தொடக்கச் செலவை நன்கொடையும் அரசு மானியமும் தாங்கின.

எனினும் பொரிப்பதற்கு இந்நீராவி உதவாது. விடியற்காலைச் சமையலுக்கும் மழைக்காலத்துக்கும் வழக்கமான கொதிகலனை உடன் வைத்திருந்தே ஆக வேண்டும். மேலும் ஆடிகளைத் துடைப்பது, திசை திருத்துவது, கசியும் இணைப்புகளை அடைப்பது ஆகிய அன்றாடப் பணிகளுக்குப் பயிற்சி பெற்ற ஆள்கள் வேண்டும். 2010க்குப் பின் ஒளிமின் தகடுகளின் விலை வெகுவாகக் குறைந்ததும், பராமரிப்புச் சுமை குறைந்த அத்தகடுகளைக் கூரையில் பதிப்பது பல நிறுவனங்களுக்கு எளிய வழியாகத் தோன்றியது.

இரவில் வெப்பமின்மை என்னும் குறைக்கு விடைதேடும் முயற்சியாக, பிரம்மா குமாரிகளின் துணை அமைப்பான உலகப் புத்தாக்க ஆன்மிக அறக்கட்டளை அபு சாலையருகே ‘இந்தியா ஒன்’ என்னும் சூரிய வெப்ப மின்நிலையத்தை இந்திய, ஜெர்மானிய அரசுகளின் உதவியுடன் அமைத்தது. 1 மெகாவாட் திறனுள்ள இந்நிலையத்தில் தலா 60 சதுர மீட்டர் பரப்புள்ள 770 ஆடிகள் உள்ளன; ஒவ்வொன்றின் குவியத்திலும் உள்ள வார்ப்பிரும்புக் கட்டி பகல் வெப்பத்தைத் தேக்கிவைத்து, பொழுது சாய்ந்த பின்னரும் நீராவி உண்டாக்கப் பயன்படுகிறது.