ஒரு பூட்டும் 600 கிலோ யுரேனியமும்

சோவியத் ஒன்றியம் உடைந்தபோது கஜகஸ்தான் மண்ணில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணு ஆயுதங்கள் தங்கிப்போயின. உலகத்தின் கவலையெல்லாம் அவற்றைப் பற்றித்தான். அவற்றுக்காவது ராணுவக் காவல் இருந்தது. அமெரிக்கர்களின் கணக்கிலேயே வராத சரக்கு ஒன்று, நாட்டின் கிழக்கே உஸ்த்-கமனோகோர்ஸ்க் நகரின் உல்பா உலோகவியல் ஆலையில் கிடந்தது.

1993இன் இறுதியில் அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆண்டி வெபர் கைக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. ஆலை இயக்குநர் விதாலி மெட்டே சொல்லியனுப்பிய சேதி அது. யுரேனியம் 235, 90 சதவீதம், 600 கிலோ. அவ்வளவுதான்.

சோவியத்தின் ஆல்ஃபா வகை நீர்மூழ்கிகளுக்கு எரிபொருள் செய்ய வந்த சரக்கு இது. திட்டம் கைவிடப்பட்டதும் அப்படியே தங்கிவிட்டது. 1994 மார்ச்சில் அமெரிக்கப் பொறியாளர் ஒருவர் போய் மாதிரி எடுத்துப் பார்த்தார். சீட்டில் இருந்தது உண்மைதான். கிடங்குக் கதவில் தொங்கியதோ ஒரு பழங்காலப் பூட்டு!

ஒரு குண்டுக்கு 25 கிலோ போதும் என்பது சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்கு. குண்டின் அடிப்படை வடிவமைப்பு இன்று பெரிய ரகசியமல்ல. யுரேனியத்தைச் செறிவூட்டுவதுதான் மலை போன்ற வேலை. ஓர் அரசாங்கத்தின் பணமும் ஆலைகளும் அதற்கு வேண்டும். எந்தப் பயங்கரவாதக் கும்பலாலும் ஆகாது. அவர்களுக்கு இருக்கும் வழி, திருடுவது அல்லது வாங்குவது. போதாக்குறைக்கு இந்தச் சரக்கின் கதிர்வீச்சு மிகக் குறைவு. கடத்துவது சுலபம், கண்டுபிடிப்பது கடினம்.

சரக்கை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக கஜகஸ்தான் அதிபர் நசர்பாயேவ் சம்மதித்தார். அக்டோபரில் 31 அமெரிக்கர்கள் ரகசியமாக வந்து இறங்கினார்கள். நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் வேலை. நிறுத்து, சூடேற்றி உலர்த்தி, 448 கலன்களில் அடைத்தார்கள். நவம்பரில், உறைபனி படிந்த ஓடுபாதையிலிருந்து சி-5 ராட்சத விமானங்கள் கிளம்பின. நடுவானில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு நிற்காமல் பறந்து டெலவேரில் இறங்கின; சரக்கு லாரிகளில் டென்னசியின் ஓக் ரிட்ஜ் போய்ச் சேர்ந்தது. ‘சஃபையர் திட்டம்’ என்ற பெயரை உலகம் கேட்டது நவம்பர் 23 அன்றுதான்.

இதற்கு ஈடாக கஜகஸ்தானுக்குப் பணமும் பொருளுமாக உதவி கிடைத்தது. சோவியத் ஆயுதங்களைப் பத்திரப்படுத்தப் பணம் ஒதுக்க அமெரிக்க செனட்டர்கள் நன், லூகர் இருவரும் 1991இல் கொண்டுவந்த சட்டம்தான் இதற்கெல்லாம் வழி திறந்தது. நேற்றைய எதிரியின் ஆயுதக் கிடங்குக்கு நம் வரிப்பணமா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், பாதுகாப்புக்கென்று வாஷிங்டன் செலவழித்ததில் இவ்வளவு மலிவான பேரம் வேறில்லை. பயங்கரவாதிகள் கையில் பேரழிவு ஆயுதம் சேராமல் தடுக்க எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1540ஆம் தீர்மானம் வந்தது 2004இல். அணுப் பயங்கரவாதத் தடுப்பு உடன்படிக்கை அதற்கும் அடுத்த ஆண்டு. உல்பா கிடங்கு அதுவரை காத்திருக்க முடியுமா?

ஆனால் கஜகஸ்தானின் கதை உல்பாவோடு முடியவில்லை. சோவியத் அணுகுண்டுகளைச் சோதித்த செமிபலாட்டின்ஸ்க் தளத்தில், டெகலன் மலையின் சுரங்கங்களுக்குள் புளூட்டோனியம் மிஞ்சிக் கிடந்தது. பழைய இரும்பும் செம்பும் பொறுக்குபவர்கள் அங்கே புகுந்து தோண்டத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சுரங்கங்களை மூன்று நாடுகள் சேர்ந்து 2012 வரை மூடிய கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)